பதினான்கு மில்லிமீட்டர்

என் அம்மா சௌந்திரமும் நானும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, அவர் வாயை அளந்தது. ஒவ்வொரு ஞாயிறும் செய்வதுதான். திருச்செங்கோட்டில் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டிக்கு உதிரிபாகம் செய்யும் பட்டறையில் நான் தரப் பரிசோதனை பார்க்கிறேன். மில்லிமீட்டர் கணக்கில் அளக்கும் வெர்னியர் கருவி ஒன்றை வீட்டிலும் வைத்திருக்கிறேன். மேல்பல் நுனியிலிருந்து கீழ்ப்பல் நுனிவரை பதினான்கு மில்லிமீட்டர். எச்சில் கருவியில் வழிந்தது. பிரஷ் நுழையாத வாய், நாறியது. முகத்தைத் திருப்பிக்கொண்டு துடைத்தேன். அவர் பார்த்துவிட்டார்.

"கொமட்டுதா சாமி? எனக்கே அடிக்குது" என்றார்.

மல்லசமுத்திரத்துப் பக்கம் எங்கள் தோட்டம். மரவள்ளி, நான்கு மாடு. அம்மாவின் குரல் மூன்று தோட்டம் தாண்டிக் கேட்கும். சொசைட்டியில் பால் அளவைக் குறைத்து எழுதியவனை அவர் ஏசத் தொடங்கினால், வரிசையில் நிற்பவர்கள் தூக்குப் போசியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்பார்கள்.

ஐம்பத்தொரு வயதில் தாடை பிடித்துக்கொண்டது. காதோரம் வலி, மெல்லும்போது சொடக்குச் சத்தம், பிறகு இரண்டு விரல் நுழையாத வாய். ஒரு பல் மருத்துவர் நல்ல கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிப் பார்த்தார். இப்போதுதான் வீடு அமைதியாக இருக்கிறதென்று என் அப்பா பால் சொசைட்டியில் சொல்லிச் சிரித்தார். கூடச் சிரித்தவர்களின் முகம் ஒவ்வொன்றும் எனக்கு நினைவிருக்கிறது.

தாடை மூட்டு பார்க்கும் பல் மருத்துவர் நிலா, தசைதான் இறுகியிருக்கிறது என்றார். சூடான ஒத்தடம், குழைந்த சோறு, தூங்கும்போது பல்லில் மாட்டும் தகடு. ஐஸ் குச்சிகளை அடுக்கிப் பல்லிடையே வைத்து, வலி பொறுக்கும்போது ஒரு குச்சி கூட்டும் பயிற்சி. ஒரு வருடம் பொறுக்கச் சொன்னார். ஐந்து மாதத்தில் பதினெட்டு மில்லிமீட்டர் இருபத்திரண்டானது. எனக்கு அது போதவில்லை.

சேலத்தில் வேறொரு மருத்துவமனையில் ஸ்கேன் எடுத்தோம். மூட்டுக்குள் மெத்தை போல் இருக்கும் வட்டு விலகியிருப்பதை அறுவை மருத்துவர் படத்தில் காட்டினார். உருண்டை, குழி, நடுவே ஒரு வாஷர். பேரிங் சிக்கினால் பிரித்துச் சரிசெய்வார்கள். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

"இந்தக் குச்சிக்கே தாடை கேக்கறாட்ட இருக்குது சாமி" என்றார் அம்மா.

அறுவைக்கு நான் கையெழுத்துப் போட்டேன்.

காதுக்கு முன்னால் தழும்பு. வலக்கண் முழுதாக மூடவில்லை. ஓயாமல் நீர் வடிந்தது. வாய் பதினான்கில் நின்றது. பயிற்சி சரியாகச் செய்யவில்லை என்று மருத்துவமனையில் அம்மா மேலேயே பழி போட்டார்கள். சோற்றையும் குழம்பையும் மிக்சியில் அரைத்தேன். வாந்தியின் நிறத்தில் வரும். பல் இடுக்கில் ஸ்பூனால் தள்ளினால் பாதி மோவாயில் ஒழுகும். பதினொரு மாதம் அப்படி.

கடைசியாக அளந்த ஞாயிறு கழிந்து, செவ்வாய்க்கிழமை காலை மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனவர் தொட்டியருகே விழுந்தார். மாரடைப்பு. தூக்கிவந்து கிடத்தியபோது தாடை தொங்கியது. வாய் அகலத் திறந்திருந்தது. வாயைக் கட்ட அத்தை துணி கிழித்தார். அவர் கட்டுவதற்குள் நான் வெர்னியரை எடுத்துவந்தேன்.

"ஏம் புள்ள, பொணத்தையுமா அளப்பே?" என்றார் அத்தை.

முப்பத்தெட்டு.

எல்லாம் முடிந்த பிறகு மருத்துவமனைக் கோப்பைப் பிரித்தேன். மயக்க மருந்து கொடுத்தவர் ஒரு வரி எழுதியிருந்தார். வாய்த் திறப்பு: மயக்கத்துக்கு முன் 22, பின் 37. மூட்டு சிக்கியிருந்தால் மயக்கத்தில் திறந்திருக்காது. தசைதான் இழுத்துப் பிடித்திருந்தது, மயங்கியதும் விட்டுவிட்டது. கத்தி வைக்கும் முன்பே அந்த அறுவை மருத்துவருக்கு அது தெரியும். தெரிந்தும் அறுத்தார்.

அவரையே போனில் கேட்டேன். ஸ்கேனில் விலகல் இருந்ததே, நீங்களும்தான் பார்த்தீர்கள் மேடம் என்றார். குரலில் மரியாதை குறையவில்லை. காறித் துப்ப வேண்டும் போலிருந்தது. யார் முகத்தில் என்றுதான் தெரியவில்லை. பட்டறையில் ஒரு வரி விடாமல் படித்துத்தான் கையெழுத்துப் போடுவேன். இந்தத் தாள் பதினொரு மாதம் என் அலமாரியில் கிடந்தது.

அடுத்த திங்களன்று சேந்தமங்கலத்திலிருந்து கந்தம்மாள் என்றொரு பெண் வந்தார். மருத்துவமனைப் பெஞ்சில் அம்மாவுக்குப் பழக்கமானவர். அம்மா இறந்தது அவருக்குத் தெரியாது. சொன்னதும் வாசல்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். அழக்கூட அவர் வாய் ஒன்றரை விரலுக்கு மேல் திறக்கவில்லை. அவருக்கும் அதே மருத்துவர்; வெள்ளிக்கிழமை அறுவை. செய்துகொள்ளலாமா வேண்டாமா என்று அம்மாவைக் கேட்டிருந்தாராம். முந்தின நாள் ஞாயிற்றுக்கிழமை சேந்தமங்கலத்துக்கே வருவதாக அம்மா சொல்லியிருந்தாராம்; வராததால் தேடி வந்திருந்தார்.

"போன்லயே சொல்லுங்கக்கான்னு கேட்டேனுங்க. ‘எம்புள்ள பக்கத்துல இருக்குது, காதுல உழுந்தாத் தாங்காது, நேர்ல வந்து சொல்றேன்’னாங்க."

வெள்ளிக்கு இன்னும் நான்கு நாள் இருந்தது.