பாண்டுங்கில் ஒரு ஞாயிறு

கணபதி என்கிற ஊரில் நூற்பாலை ஃபிட்டராக இருந்த பொங்கியண்ணன், 1994இல் இந்தோனேசியாவுக்குப் போனார். பாண்டுங் நகரத்து மில் ஒன்றில் வேலை. மனைவி பாவாத்தாளும் மகள் கீதாவும் ஊரிலேயே இருந்தார்கள்.

அங்கே அவருக்கு வாய்த்த ஒரே சுகம் ஞாயிற்றுக்கிழமை சலூன். ஊரில் தண்ணீர்த் தொட்டியோரம் கண்ணாடியைச் சாய்த்துவைத்துப் பழைய பிளேடால் தாடையைக் கீறிக்கொண்டவர். பாண்டுங்கில் முடிவெட்டி, முகத்தில் வெந்நீர்த் துண்டு போட்டுச் சவரம் செய்து, மீசைக்குச் சாயம் பூசி, பின்னறைக் கட்டிலில் குப்புறப் படுக்கவைத்து எண்ணெய் தேய்த்துப் பிடித்துவிட்டார்கள். எல்லாம் சேர்த்து நம்மூரில் ஓட்டல் சாப்பாட்டுக்கு ஆகிற காசுதான். பிடித்துவிடுபவர் ஒரு கிழவர், பேச்சே கிடையாது. காலமெல்லாம் இயந்திரங்களோடு மல்லுக்கட்டி இறுகிப்போன தோள் அந்தக் கைகளில் இளகும்போது பொங்கியண்ணனுக்குக் கண்ணில் நீர் வந்துவிடும். இத்தனை அக்கறையாக யாரும் தன் உடம்பைத் தொட்டு அவர் அறிந்ததில்லை. அப்படியே மதியம் தாண்டியும் தூங்குவார். எங்கே போகிறார் என்று தங்கியிருந்த மில் விடுதியில் யாரிடமும் சொன்னதில்லை. கூச்சம்.

இரண்டு வருடம் கழித்து ஒரு ஞாயிறு காலை, பாவாத்தாளின் அண்ணன் விடுதிக்குப் போன் செய்தார். கீதாவுக்கு மூளைக்காய்ச்சல், உடனே கிளம்பி வரவேண்டும் என்றார். விடுதிக் காவலாளி கடைத்தெருவெல்லாம் தேடினான். பொங்கியண்ணன் மாலையில்தான் வாசனை எண்ணெய் மணக்கத் திரும்பினார். அன்றைய விமானத்தைப் பிடிக்க ஜகார்த்தா போக நேரமில்லை. அடுத்தது செவ்வாய்க்கிழமைக்குத்தான் கிடைத்தது.

அவர் வீட்டுக்கு வந்தபோது, திங்கள் இரவே இறந்துபோன குழந்தையைப் புதைத்துவிட்டிருந்தார்கள். வாசலில் உட்கார்ந்திருந்த பெண்கள் அவருடைய வழவழத்த முகத்தையும் கருகருவென்ற மீசையையும் பார்த்தார்கள்.

“எங்க போயிருந்தீங்க மாப்ள? காலைல இருந்து போன் போட்டமே?” என்றார் மச்சான்.

“சலூனுக்குங்க. உடம்பு புடிச்சு உட்டாங்க. அப்படியே தூங்கிப்போட்டேன்.”

“பொம்பளைங்களா புடிச்சு உட்டாங்க?”

“இல்லீங்க மச்சான். வயசானவரு ஒருத்தருங்க.”

யாரும் நம்பவில்லை. பாவாத்தாள் மட்டும் நம்பினாள். இன்னொரு பெண் என்றிருந்தால் அவள் கத்தியிருப்பாள், மண்ணை வாரித் தூற்றியிருப்பாள். இந்த மனுசன் சுகமாகத் தூங்கிக்கொண்டிருந்தார் என்பதற்கு என்ன சொல்வதென்று அவளுக்குத் தெரியவில்லை.

அவர் திரும்பப் போகவில்லை. கணபதியிலேயே ஒரு பட்டறையில் சேர்ந்தார். தாடி வளர்ந்தது. தோள்வலி கூடிக் கையைத் தூக்க முடியாத ஒருநாள், பாவாத்தாள் தைலத்தைச் சூடாக்கி எடுத்துவந்து பின்னால் உட்கார்ந்தாள். விரல் பட்டதும் அவர் விலகி எழுந்துவிட்டார். அவள் மறுபடி வரவில்லை.

அடுத்த வருடம் இருவரும் அவிநாசி கோயிலுக்குப் போய்விட்டுப் பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தார்கள். அதுவரை கேட்கத் துணியாததை அன்றைக்குக் கேட்டார்.

“அம்மணி, புள்ள என்னையக் கேட்டாளா?”

அவள் முந்தானையில் முடிந்திருந்த திருநீற்றை அவிழ்த்து மறுபடி முடிந்தாள்.

“ஞாயித்துக்கெழம பூராவும் கேட்டாளுங்க. திங்கக்கெழம கேக்கலீங்க.”

பஸ்ஸில் எல்லோரும் பார்க்க அவர் வாய்விட்டு அழுதார். பாவாத்தாள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.