கல்யாணப் போட்டோவில் இருந்த கிட்டார்

ஆம்பூரில் கிட்டார்களைப் பழுதுபார்த்துத் தருவது என் வேலை. போன வருடம் மேரியம்மா இரண்டு கிட்டார்களோடு ஆட்டோவில் வந்து இறங்கினார். பெங்களூரு ஹோட்டல்களில் ஜாஸ் வாசித்த அவருடைய கணவர் அப்போதுதான் இறந்திருந்தார். இரண்டுமே வயலின்போல மேற்பலகை வளைந்த பழைய ஆர்ச்டாப் கிட்டார்கள்.

"ஒண்ண சர்ச்சுக்குக் குடுக்கப்போறேன் தம்பி. எங்க கல்யாணத்துல அவரு வாசிச்சத மட்டும் நான் வச்சிக்கணும். எதுன்னு பாத்து சொல்லுங்க" என்று சாயம் மங்கிய ஒரு போட்டோவைக் கொடுத்தார்.

அதைச் செல்போனில் படமெடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தேன். அவர் கொண்டுவந்த இரண்டிலும், கழுத்தை ஒட்டிய ஒரு பக்கத் தோள் உள்பக்கமாகக் குடைந்து வெட்டப்பட்டிருந்தது. போட்டோவில் இருந்ததற்கோ இரண்டு தோள்களும் உருண்டை. கண்டுபிடித்துவிட்ட உற்சாகத்தில், "இது ரெண்டுமே இல்லம்மா. அது வேற. இன்னும் பழசு, ரொம்ப அபூர்வமானது" என்றேன்.

மேரியம்மா அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

"பெரிய பாப்பாவ வேலூர் ஆஸ்பத்திரில சேத்திருந்தப்போ, கிட்டார ரிப்பேருக்குக் குடுத்திருக்கேன்னாரு. பாப்பா செத்து ரொம்ப நாள் கழிச்சு ஒண்ணு எடுத்துட்டு வந்தாரு. அதுதான்னு நெனச்சிட்டேன். வித்துட்டேன்னு கடைசிவரைக்கும் சொல்லவே இல்லியே."

செல்போனில் இருந்த படத்தை மறுபடியும் திறந்தேன்.

"அது எப்படி இருக்குது? வெவரமா சொல்லுங்க" என்றார்.

வளைவு, துளைகள், கம்பிகளைப் பிடித்திருந்த தகடு என்று தெரிந்ததையெல்லாம் மெதுவாகச் சொன்னேன். அவர் கண்களை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

இப்போது யார் பழைய கிட்டாரைக் கொண்டுவந்தாலும், அதை வாசித்தவரைப் பற்றித்தான் முதலில் கேட்கிறேன்.