பொச்சுத் துண்டு வைத்த கதவு

சனிக்கிழமை பின்னேரம் ஐந்து மணி இருபது நிமிடம். மகளுக்கு மூச்சிழுப்பு வரும் நேரங்களைக் குறித்து வைக்கும் கொப்பியில் அன்றைய திகதிக்கு எதிரே என் கையெழுத்திலேயே இருக்கிறது: “5.20. பூனையைப் பற்றி மிஸ்ஸியிடம் சொல்லியாயிற்று.” அந்த நேரத்தில்தான் எதிர்வீட்டு மிஸ்ஸி குனிந்து, தன் வீட்டுக் கதவுக்குக் கீழே செருகியிருந்த தேங்காய்ப் பொச்சுத் துண்டை இழுத்தெடுத்தார். உள்ளங்கையளவு உரிமட்டை. நான்கு வருடமாகக் கதவின் பாரத்தைத் தாங்கி ஒரு பக்கம் நசுங்கி வழவழப்பாகியிருந்தது. “இந்தாங்க தம்பி, இனி இது எனக்கு என்னத்துக்கு?” என்று என் கையில் வைத்தார். முகத்தில் கோபம் இல்லை. சிரிக்கக்கூடச் செய்தார். பிறகு கதவைச் சாத்தினார். உள்ளே தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது.

நாவற்குடாவில் வாவியைப் பார்த்த ஒரு சின்னத் தொடர்மாடியில் நாங்கள் இருக்கிறோம். மொத்தம் நான்கே வீடுகள். கீழே ஒன்று பூட்டிக் கிடக்கிறது. மற்றதில் இருந்த இளம் தம்பதி பிரசவத்துக்காகப் பெண்ணின் ஊருக்குப் போயிருந்தார்கள். மேலே நாங்களும் எதிர்க்கதவில் மிஸ்ஸியும். எங்களுடையது இரண்டு அறை, ஒரு குசினி. மகளின் கட்டிலைச் சுவரோடு ஒட்டிப் போட்டால்தான் அலுமாரிக் கதவைத் திறக்க முடியும். நான் அரசாங்கக் கச்சேரியில் எழுதுவினைஞர், மனைவி ஆசிரியை. மகளுக்கு எட்டு வயது. அவளுடைய மூச்சைக் கேட்டுக் கேட்டே எனக்குத் தலை நரைத்தது என்று மனைவி சொல்வாள். அது பகிடி இல்லை.

மிஸ்ஸி ஆஸ்பத்திரியில் முப்பது வருடத்துக்கு மேல் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய பெயர் எனக்குத் தெரியும், ஆனால் ஒரு நாளும் அதைச் சொல்லி அழைத்ததில்லை. தாதிமாரை இங்கே மிஸ்ஸி என்றுதான் அழைப்போம். கலியாணம் முடிக்காதவர். சித்தாண்டியில் தாய்வழியாக வந்த வீடு இருந்தது. எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். தங்கையின் மகளுக்குக் கலியாணம் பேசியபோது மிஸ்ஸி அந்த வீட்டை அவளுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, ஒரு சூட்கேசோடும் ஒரு பூனைக்குட்டியோடும் இங்கே வந்தார். “வீட்டக் குடுத்தாச்சு, பூனைய மட்டும் சீதனத்தில சேக்கல்ல,” என்று சொல்லிச் சிரித்தார்.

வந்த முதல் கிழமையே எங்களுக்கு ஒரு விதி சொன்னார். வார்ட்டில் பழகிய பழக்கம், காலை ஆறு மணிக்கு அவருடைய கதவு திறக்கும். பூனை போய்வருமளவுக்கு நாலு விரல் இடைவெளி விட்டு, சித்தாண்டி வீட்டுத் தேங்காயின் பொச்சுத் துண்டைச் செருகி வைப்பார். சாம்பல் நிறப் பூனை வெளியே வந்து, எங்கள் வாசலில் நின்று, கீழே இறங்கி ஒவ்வொரு கதவையும் பார்த்துவிட்டுத் திரும்பும். அதற்கு டொக்டர் என்று பெயர். “ரவுண்ட்ஸ் வாறவர், ஒண்டும் சொல்லாமப் போறவர். வேற என்ன பேர் வைக்க?” என்றார். அதோடு இன்னொன்றும் சொன்னார்: “ஆறு மணிக்கு டொக்டர் வரல்லையெண்டா நான் விழுந்து கிடக்கிறன் எண்டு அர்த்தம். கதவ உடைச்சிட்டு வாங்க. உங்களுக்கு வேற சோலி இருந்தாலும் வாங்க.” நாங்கள் சிரித்தோம். மனைவி மட்டும் சிரிக்காமல், “ஓம் மிஸ்ஸி, வாறம்,” என்றாள்.

மகளுக்கு முதன்முதல் பெரிய இழுப்பு வந்தபோது ஓடி வந்தவரும் மிஸ்ஸிதான். நான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அறைக்கும் வாசலுக்குமாக ஓடிக்கொண்டிருந்தேன். அவர் அவளை என் கையிலிருந்து வாங்கி, கதிரையில் நிமிர்த்தி உட்காரவைத்து, முதுகில் கை வைத்து மூச்சை எண்ணினார். மருந்தைக் கொடுத்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். “தம்பி, நீங்க வெளியில நில்லுங்க. பிள்ளை உங்கட முகத்தப் பாத்துத்தான் மூச்சு விடுறா. அந்த முகத்தோட நிண்டா அவ எப்படி விடுறது?” அன்று மேல்நடையில் நின்று நான் பூனையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அது தன் முன்காலை நக்கிக்கொண்டிருந்தது.

இந்த மாரியில் இழுப்பு அடிக்கடி வந்தது. கொப்பியில் பக்கங்கள் நிறைந்தன. யாரோ கச்சேரியில் பூனை மயிர் என்றார்கள். இணையத்திலும் அதைத்தான் வாசித்தேன். மகள் காலையில் வாசலில் குந்தியிருந்து டொக்டரின் கழுத்தைத் தடவுவதை நான் பல நாள் பார்த்திருந்தேன். அந்தச் சனிக்கிழமை மிஸ்ஸியிடம் போய், பூனையைக் கொஞ்ச நாளைக்கு உள்ளேயே வைத்திருக்க முடியுமா என்று கேட்டேன். “பிள்ளைக்கெண்டா ஏன் தம்பி கேட்டுக்கொண்டு நிக்கிறீங்க?” என்று சொல்லித்தான் அவர் பொச்சுத் துண்டை எடுத்தார். கதவு சாத்தினால் காலை ஆறு மணியின் விதி என்னவாகும் என்பது என் புத்தியில் வரவில்லை. அவருக்கு வந்திருக்கும். அவர் சொல்லவில்லை.

மறுநாள் ஞாயிறு மத்தியானம் மகளுக்கு மறுபடி இழுப்பு. கொப்பியில் இருக்கிறது: “2.10. பூனை உள்ளே, கதவு பூட்டு. இருந்தும் வந்தது.” இந்த வரியை நான் எழுதினேன். எழுதிவிட்டு அதற்குக் கீழே ஒரு கோடும் போட்டேன். மனைவி அதைப் பார்த்துவிட்டு, “பாவம் அந்த மனுசி. போய்ச் சொல்லுங்க, கதவத் திறக்கட்டும்,” என்றாள். நாளைக்குச் சொல்கிறேன் என்றேன். ஒரு நாள்கூட ஆகவில்லையே, அதற்குள் போய் நான் சொன்னது பிழை என்று எப்படிச் சொல்வது? எனக்கு வெட்கமாக இருந்தது. என் கையில் இருந்தது அந்த வெட்கம் ஒன்றுதான். அதைத்தான் நான் பாதுகாத்தேன்.

திங்கள் காலை ஆறு மணி தாண்டியதும் பூனை கத்தத் தொடங்கியது. மூடிய கதவுக்குப் பின்னால் நகத்தால் பிறாண்டும் சத்தம். மகள் பள்ளிக்கூடச் சப்பாத்தைப் போட்டுக்கொண்டே, “அப்பா, டொக்டர் அழுறார்,” என்றாள். ரவுண்ட்ஸ் போய்ப் பழகியது, அடைத்து வைத்தால் அழும்தானே என்றேன். பின்னேரம் திரும்பி வந்தபோதும் கத்திக்கொண்டிருந்தது. மனைவி, “ஒருக்காத் தட்டிப் பாருங்களன்,” என்றாள். நான் போனேன். கையை உயர்த்தினேன். கதவு திறந்தால் பூனை வெளியே பாயும், மிஸ்ஸி என்னைப் பார்ப்பார், ஞாயிற்றுக்கிழமை வரியை நான் சொல்ல வேண்டிவரும். உயர்த்திய கையை இறக்கிக்கொண்டு திரும்பி வந்து, “நித்திரை போல,” என்று பொய் சொன்னேன்.

செவ்வாய் காலையில் பூனையின் குரல் கம்மிப் போயிருந்தது. பத்து மணிக்குக் கச்சேரியில் ஒரு கடிதத்தைப் பிரதி எடுத்துக்கொண்டிருக்கும்போது, அந்தப் பழைய வாக்கு ஒரு காரணமும் இல்லாமல் காதில் விழுந்தது. டொக்டர் வரல்லையெண்டா. நான் பைலை அப்படியே விட்டுவிட்டு மோட்டார் சைக்கிளை எடுத்தேன். தட்டினேன், கூப்பிட்டேன். சந்தியில் இருந்த தச்சரைக் கூட்டிவந்து தாழ்ப்பாளை உடைத்தோம்.

குளியலறைக்கும் குசினிக்கும் இடையில் கிடந்தார். குளியலறையில் விழுந்தவர் குசினி வாசல்வரை ஊர்ந்து வந்திருந்தார். நிலத்தில் தண்ணீர் காய்ந்த தடம் அதைக் காட்டியது. பூனை அவருடைய தோளோடு ஒட்டிப் படுத்திருந்தது. கதவின் உட்புறத்தில், என் முழங்கால் உயரத்துக்குப் பெயின்ற் உரிந்து மரம் தெரிந்தது. பரிசோதித்த வைத்தியர் என்னிடம் உறவா என்று கேட்டார். இல்லை, பக்கத்து வீடு என்றேன். “விழுந்த உடனே உயிர் போகவில்லை. ஒரு நாள் அளவு இருந்திருப்பார்,” என்றார். ஒரு நாள் என்றால் திங்கட்கிழமை. நான் கையை உயர்த்திய பின்னேரமும் அதற்குள் அடங்குகிறதா என்று நான் கேட்கவில்லை. இன்றும் யாரிடமும் கேட்கவில்லை.

உடலைச் சித்தாண்டிக்குக் கொண்டுபோனார்கள். அவர் எழுதிக் கொடுத்த அந்த வீட்டின் முற்றத்தில்தான் பந்தல் போட்டிருந்தது. நான் ஓரமாக நின்றுவிட்டுத் திரும்பி வந்துவிட்டேன்.

பூனையை ஒருவரும் கேட்கவில்லை. வீட்டுச் சொந்தக்காரர், “மீன் சந்தையில விட்டா பிழைச்சுக்கொள்ளும்,” என்றார். நான் அதை எங்கள் குசினியில் ஒரு மட்டைப் பெட்டிக்குள் வைத்தேன். அது சாப்பிடவில்லை. அன்றிலிருந்து எட்டு நாளும் எங்கள் இரண்டு அறைக்குள் பூனையை வைத்திருப்பதா விடுவதா என்ற ஒரே பேச்சுத்தான். மனைவி தெளிவாகச் சொன்னாள்: “பூனை ஆகாதெண்டு அந்த மனுசிட வாசல்ல போய் நிண்டது நீங்க. இப்ப வேணுமெண்டு நிக்கிறதும் நீங்க. செத்தவவுக்குச் செய்யாததையெல்லாம் என்ர பிள்ளைட நெஞ்சில வச்சுச் செய்யப் போறீங்களா?” அவள் சொன்னது முழுக்க உண்மை. எனக்குப் பூனை பிடிக்காது. கொஞ்சமாவது தண்டனை கிடைக்க வேண்டும் என்று மனம் கேட்டது, அந்தத் தண்டனையை மகளின் மூச்சிலிருந்து எடுத்துக்கொடுக்கப் பார்த்தது.

கிளினிக்கில் மகளின் வைத்தியர் கொப்பியைப் பொறுமையாகப் புரட்டினார். பூனையாகவும் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம், வைத்துப் பார்த்தால்தான் தெரியும் என்றார். பிறகு பிள்ளை எங்கே படுக்கிறாள், சுவர் ஈரமா என்று கேட்டார். வீட்டுக்கு வந்து கட்டிலை இழுத்தேன். தலைமாட்டுப் பக்கம், மாரி மழையில் ஊறிய சுவரில், ஒரு பாய் அகலத்துக்குக் கறுப்பாகப் பூஞ்சணம் பூத்திருந்தது. அவளுடைய மூக்குக்கும் அதற்கும் ஒரு சாண். மனைவி வாளியும் பிரஷுமாக வந்து சுவரைத் தேய்க்கத் தொடங்கினாள்.

மகள் இந்த நாட்களில் பூனையைக் கேட்டு ஒரு தடவைகூட அடம்பிடிக்கவில்லை. காலை ஆறு மணிக்கு எழும்பி எங்கள் கதவைத் திறந்து வைப்பாள். அது தானாகச் சாத்தும். மறுபடி திறப்பாள். ஒரு நாள், நான் மேசை லாச்சிக்குள் போட்டு வைத்திருந்த பொச்சுத் துண்டை எடுத்து வந்து கதவுக்குக் கீழே செருகினாள். டொக்டர் பெட்டியை விட்டு இறங்கி, வாசல்வரை போய், எதிரே பூட்டியிருந்த கதவைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தது. அன்றைக்கும் மறுநாளும் கொப்பியில் ஒன்றும் எழுதவில்லை. இரண்டு நாள் வெறும் பக்கத்தை நம்பலாமா என்று நான் தவித்தேன்.

எட்டாம் நாள் எட்டுச் செலவுச் சடங்கு முடிந்த மறுநாள் காலை, மிஸ்ஸியின் பெறாமகள், அந்த வீட்டை எழுதி வாங்கிய தங்கை மகள், வந்தாள். முப்பது வயதிருக்கும். கையில் மடித்த உரப்பையும் சணல் கயிறும். வெயிலில் நின்று கறுத்த முகம். “பூனையக் கொண்டுபோக வந்தன்,” என்றாள். உள்ளே வந்து உட்காரச் சொன்னோம். நின்றுகொண்டே பேசினாள்.

“ஞாயித்துக்கிழமை பின்னேரம் பெரியம்மா போன் எடுத்தவ. ‘முன்வீட்டுப் பிள்ளைக்கு ஒத்துக்கொள்ளுதில்ல, டொக்டர நாளைக்கே வந்து எடுத்திட்டுப் போ, நான் கதவச் சாத்தி வச்சிருக்கிறன்’ எண்டவ. வட்டையில நெல்லு வெட்டுற மெசின் வந்து நிண்டிச்சு. அடுத்த கிழமை வாறன் எண்டன்.” அவள் உரப்பையைக் கையில் சுருட்டினாள். “திங்கள் வந்திருந்தா நான் கதவத் தட்டியிருப்பன். அவ வீடு தந்தவ. நான் ஒரு நாள் குடுக்கல்ல.” பிறகு மகளைப் பார்த்தாள். “பிள்ளைக்கு இப்ப சுகமா? பெரியம்மா போனில பிள்ளையப் பத்தித்தான் திருப்பித் திருப்பிக் கதைச்சவ.”

நான் கொப்பியை எடுத்து அந்த ஞாயிற்றுக்கிழமை வரியை அவளிடம் காட்டினேன். பூனையால் இருக்காது என்று எனக்கு அன்றைக்கே பட்டது, போய்ச் சொல்லவில்லை, திங்கட்கிழமை வாசல்வரை போயும் தட்டவில்லை என்றேன். நான் தட்டவேயில்லை என்பது மனைவிக்கும் அப்போதுதான் தெரிந்தது. பெறாமகள் அந்த வரியை இரண்டு தரம் வாசித்தாள். அழுவாள் என்று நினைத்தேன், ஏசுவாள் என்று நினைத்தேன். ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் குனிந்து எங்கள் கதவடியில் இருந்த பொச்சுத் துண்டைப் பார்த்தாள். சித்தாண்டி வீட்டுத் தேங்காய்தான் என்று அடையாளம் கண்டதுபோல அதை விரலால் ஒருமுறை தொட்டு, இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளி இறுக்கினாள். எழும்பி உரப்பையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டாள்.

“எங்கட வீட்டில நாய் ரெண்டு நிக்கிது. அவ கேட்டதுக்காகத்தான் ஓமெண்டன்,” என்றாள். “பூனை இங்கயே நிக்கட்டும். கதவ மட்டும் சாத்தாதீங்க.”