எடைக்கு ஆள் தேடும் எத்திராஜ்

"வள்ளியம்மாக்கா, வேல முடிஞ்சுதா? வா, மேம்பாலம் வரைக்கும் ஒரு ரவுண்டு போய்ட்டு வரலாம்!"

எத்திராஜ் தெரு நடுவில் நின்று இப்படிக் கூவினால், பெங்களூரு ஜீவனஹள்ளிக்குப் புதிதாகக் குடிவந்தவர்கள் தப்பாக நினைத்துக்கொள்வார்கள். எங்கள் சந்துக்காரர்களுக்கு விஷயம் தெரியும். மேடேறத் திணறும் கார் ஒன்று அவருடைய மெக்கானிக் ஷெட்டுக்கு வந்திருக்கிறது. சந்தில் இட்லி மாவு விற்கும் வள்ளியம்மா மாவுப் பாத்திரத்தை மூடிவைத்துவிட்டு, ஈரக்கையை முந்தானையில் துடைத்தபடி ஓடி வருவார். அவர் எண்பத்திரண்டு கிலோ.

"காலி வண்டி பொய் சொல்லும் சார். லோடு ஏத்தினாத்தான் உண்மையக் கக்கும்" என்பது எத்திராஜின் கட்சி. அதற்கு மணல் மூட்டை போதாதா என்று ஒருநாள் தெரியாத்தனமாகக் கேட்டுவிட்டேன். "மூட்டைக்கு வளைவுல சாயத் தெரியுமா?" என்றவர், என்னை ஏற இறங்கப் பார்த்து, "எழுபத்தெட்டு. நீங்களும் குந்துங்க" என்றார். வீட்டில் நான் எழுபத்து நான்கு என்று சொல்லி வைத்திருந்தேன். அன்றிலிருந்து அந்தப் பொய்யும் போயிற்று, நானும் லோடில் ஒருவன் ஆனேன்.

எத்திராஜுக்கு ஐம்பத்தாறு வயது. காக்கிச் சட்டை, நூல் கட்டிய கண்ணாடி. சொந்தமாகக் கார் கிடையாது, சைக்கிள்தான். சோதனை ஓட்டத்தில் ஓட்டுநர் இருக்கையில் உட்காரவே மாட்டார். பின்சீட்டு நடுவில், இரண்டு பேருக்கிடையே ஒடுங்கிக்கொண்டு, செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளங்காலைத் தரையில் பதித்துக் கண்ணை மூடிக்கொள்வார். எஞ்சினைக் காலால் கேட்கிறாராம். பக்கத்தில் யாராவது பேசினால் மட்டும் ஒரு கண் திறக்கும்.

போன சனிக்கிழமை காலையில் வந்தது மகாவின் பழைய சிவப்புக் கார். மகா வைட்ஃபீல்டில் கணினி வேலை பார்க்கிற பெண். தன் சம்பளத்தில் வாங்கிய முதல் வண்டி. முந்தின ஞாயிறு அப்பாவை நந்தி மலைக்கு அழைத்துப் போயிருக்கிறாள். பாதி மலையில் கார் சோர்ந்துவிட, அப்பா பாரம் குறையட்டும் என்று இறங்கி நடந்திருக்கிறார். நடந்தவர் அடுத்த வளைவுக்கு முதலில் போய்ச் சேர்ந்து, காருக்காகக் காத்திருந்ததுதான் வேதனை. இரண்டு சர்வீஸ் சென்டர்களில் காட்டியாயிற்று. கம்ப்யூட்டரை மாட்டிப் பார்த்து, ஒரு குறையும் இல்லை என்று கழுவித் துடைத்துத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

அப்பா வெங்கடசாமியும் கூடவே வந்திருந்தார். பொள்ளாச்சியில் முப்பது வருஷம் கயிறு மில் நடத்தியவர். "நடுமலையில நின்னுபோற வண்டிய நம்பி இந்தப் புள்ளைய இந்த ஊர்ல எப்படிங்க உட்டுட்டுப் போறது? திங்கக்கெழம வித்துப்போடலாம்னு சொல்லிட்டேனுங்க" என்றார். மகா சாவியை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தாள். அந்தக் கார் அவளுக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்பது அந்தச் சுற்றலிலேயே தெரிந்தது. எனக்கு அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

எத்திராஜ் பெரியவரை அளந்தார். "சார் தொண்ணூத்திரெண்டு. முன்னாடி குந்துங்க."

"தொண்ணூறுங்க" என்று முறைத்தபடி ஏறினார் வெங்கடசாமி.

பின்சீட்டில் எத்திராஜின் இரண்டு பக்கமும் நானும் வள்ளியம்மாவும் உட்கார, மகா ஓட்ட, மேம்பாலத்தில் ஏறினோம். கால்வாசி தூரம் சரி. பிறகு கார் மெல்லத் தொங்கிப் போயிற்று. ஆட்டோ ஒன்று முந்தியது. தண்ணீர் கேன் வண்டி முந்தியது. பிறகு ஒரு பஞ்சுமிட்டாய்க்காரர் சைக்கிளில் எழுந்து நின்று மிதித்தபடி எங்களைத் தாண்டும்போது, உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். "நான் வேணா எறங்கித் தள்ளட்டா?" என்று வள்ளியம்மா கேட்டதும் எனக்குச் சிரிப்பு பீறிட்டது. "பாத்தீங்களா!" என்றார் வெங்கடசாமி. மகாவின் காது சிவந்துவிட்டது.

எத்திராஜ் கண்ணைத் திறந்தார். "எஞ்சின் அழுவல மேடம். முடியலேன்னா அழுவும். இது ஜாலியாப் பாடிக்கினு போவுது. அத யாரும் வேலையே வாங்கல."

பாலம் இறங்கியதும் ஒரு டீக்கடை ஓரம் நிறுத்தச் சொன்னார். வெங்கடசாமியும் வள்ளியம்மாவும் டீ குடிக்கப் போனார்கள். எத்திராஜ் பானெட்டைத் திறந்து, "மேடம், ஆக்ஸிலேட்டர முழுசா மிதிங்க" என்றார். "முழுசாத்தான் மிதிக்கறேன் அண்ணா." ஆனால் எஞ்சினில் பெடலோடு இணைந்த கேபிள் பாதி தூரம்தான் நகர்ந்திருந்தது. அவர் ஓடிப்போய் ஓட்டுநர் கதவுப் பக்கம் மண்டியிட்டு, தலையை உள்ளே நுழைத்து, பெடலைக் கையால் அமுக்கினார். பிறகு அவர் தோள்கள் குலுங்க ஆரம்பித்தன. சிரிக்கிறார்!

பெடலுக்குக் கீழே தேங்காய் நார் மிதியடி. இரண்டு விரல் கனம். மகள் கார் வாங்கிய சேதி கேட்டதும் வெங்கடசாமி தன் மில்லிலேயே நெய்யச் சொல்லி, பஸ்ஸில் தூக்கி வந்து, தானே விரித்துவிட்டுப் போனது. பெடல் பாதியிலேயே அதில் முட்டி நின்றிருக்கிறது. பெங்களூரு நெரிசலில் எவன் பெடலை முழுசாக மிதிக்கிறான்? மூன்று மாதமாக யாருக்கும் தெரியவில்லை. சர்வீஸ் சென்டர்காரர்கள் இரண்டு தடவையும் அதைத் தட்டிச் சுத்தம் செய்து, பத்திரமாக அதே இடத்தில் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள்.

மகா வாயைப் பொத்திக்கொண்டாள். எத்திராஜ் டீக்கடைப் பக்கம் பார்த்தார். அங்கே வெங்கடசாமி, தன் மில் சரக்கு பன்னிரண்டு வருஷம் உழைக்கும் என்று வள்ளியம்மாவுக்கு விளக்கிக்கொண்டிருந்தார். எத்திராஜ் சத்தமில்லாமல் மிதியடியை உருவி டிக்கியில் போட்டார்.

"என்னுங்க கோளாறு?" என்று கேட்டபடி திரும்பி வந்தார் வெங்கடசாமி.

"சின்ன அடைப்பு சார். எடுத்தாச்சு. ஜல்தி ஏறுங்க."

திரும்பி வரும்போது அதே ஐந்து பேர், அதே பாலம். மகா மிதித்தாள். அப்பப்பா! முதுகு சீட்டோடு ஒட்டிக்கொண்டது. வள்ளியம்மா "ஐயையோ!" என்று கத்திக்கொண்டே சிரித்தார், நானும் காரணமில்லாமல் கத்தினேன். தொண்ணூறு கிலோ வெங்கடசாமி கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, "மெதுவா கண்ணு, மெதுவா" என்றார். உச்சி தாண்டியதும், "இன்னொருக்கா போலாமா?" என்றார். மூன்று தடவை போனோம். மூன்றாவது முறை அவரே முன்னால் போன ஆட்டோவைக் காட்டி, "அவன முந்து பாப்பா!" என்று உசுப்பிவிட்டார்.

ஷெட்டில் இறங்கியதும், "விக்கறதாவது! அடுத்த மாசம் வால்பாறைக்கே இதுல போலாமுங்க" என்றார். மகா அழுகிற மாதிரி சிரித்தாள். எத்திராஜ் டிக்கியிலிருந்து மிதியடியை எடுத்து, "சார், கீழ படுத்து வேல செய்யறப்போ முதுகு பேஜாராப் போவுது. இத எனக்குக் குடுத்துடுங்களேன்" என்றார்.

வெங்கடசாமிக்குப் பெருமை பிடிபடவில்லை. "தாராளமா வெச்சுக்கோங்க! பாப்பாவுக்கு இதவிடக் கனமா, டபுளா நெய்ஞ்சு அனுப்பியுடறேன்."

மகாவின் முகத்தில் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. எத்திராஜ் கையிலிருந்த கிரீஸைத் துடைத்துவிட்டு, ஒரு துண்டுச் சீட்டில் தன் ஷெட்டின் முகவரியை நிதானமாக எழுதினார். "பார்சல இந்த அட்ரஸுக்குப் போடுங்க சார். நானே என் கையால போட்டுக் குடுக்கறேன்" என்று அதை மடித்து, பெரியவரின் சட்டைப் பையில் செருகி, இரண்டு தட்டுத் தட்டினார்.