ஓடக்காரரைச் சாகவிடாத வாசகர்கள்

போன வாரம் ஜெயங்கொண்டத்தில் ஒரு கல்யாணம். பந்தியில் என் பக்கத்து இலை, ஸ்டெல்லா. வரதராஜன்பேட்டைக்காரர், நர்ஸ். சாப்பிட்டு முடித்ததும் பையிலிருந்து ஒரு மெல்லிய பத்திரிகையை எடுத்து நீட்டினார். பெயர், 'ஆறு முகம்'.

"முருகன் பத்திரிகைங்களா?"

"எல்லாரும் இதத்தான் கேக்குறாங்க சார். பகடைக்கு ஆறு முகம் இல்லீங்களா... அது!"

நாலு பேர் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து ஆடுகிற கதை விளையாட்டு. ஒருவர் கதை சொல்வார். மற்றவர்கள் அதில் ஆளுக்கொரு பாத்திரம். 'கதவை உடைக்கிறேன்' என்று சொன்னால் மட்டும் போதாது. உடைகிறதா என்பதைப் பகடை சொல்லும். இதற்கென்றே ஒரு பத்திரிகை... அதுவும் தமிழில், நம்ம பக்கத்தில்!

எப்படி ஆரம்பித்தது?

ஸ்டெல்லாவின் குழுவில் கதை சொன்னவர், மீன்சுருட்டி குமரேசன். பஸ் கண்டக்டர். கணீர்க் குரல். கோடி வருஷங்களுக்கு முன்னால் அரியலூர் கடலாக இருந்த காலத்தில் நடக்கிற கதை அவருடையது. தொண்டையில் கட்டி வந்து, ஆபரேஷனில் குரல் போய்விட்டது. ஆட்டமும் நின்றது.

ஒரு மாதம் கழித்து நோட்டும் கையுமாக வந்தார். சொல்ல நினைத்ததையெல்லாம் எழுதியிருந்தார். ஜெராக்ஸ் எடுத்தார்கள். ஒரு பிரதி பெரம்பலூரில் இன்னொரு குழுவின் கைக்குப் போனது. அங்கிருந்து கடிதம் — 'எங்க ஆளுங்க தீவுக்கு வந்துட்டாங்க. அடுத்து என்னங்க?' அதற்குப் பதில்தான் இரண்டாவது இதழ். அப்புறம் நிற்கவே இல்லை.

போன வருஷம் கட்டி திரும்ப வந்தது. குமரேசன் மனசு விட்டுப்போனார். 'இதுதான் கடைசி இதழ்' என்று எழுதி, தன் சாயலில் படைத்திருந்த ஊமை ஓடக்காரரை நடுக்கடல் புயலில் விட்டுவிட்டார். பகடையில் ஆறு விழுந்தால்தான் பிழைப்பார்.

பதினோரு குழுக்கள் ஆடின. பதினோரு கடிதங்கள் வந்தன. கீழப்பழுவூர்க் குழு சேலைகளை முடிச்சுப் போட்டு இழுத்தது. இன்னொரு குழு தங்கள் கப்பலையே உடைத்துப் பலகை வீசியது. ஒரு இடத்தில்கூட அவர் சாகவில்லை!

ஆஸ்பத்திரிக் கட்டிலருகே உட்கார்ந்து கடிதங்களைப் படித்துக் காட்டினாராம் ஸ்டெல்லா. "பாதியிலேயே கையைக் காட்டி பேனா கேட்டாரு சார்."

நானும் எத்தனை வருஷமாக எழுதுகிறேன்... என் வரிக்குள் குதித்து யாராவது யாரையாவது காப்பாற்றியிருக்கிறார்களா?

"அதெப்படிங்க, பதினோரு இடத்துலயும் ஆறு விழுந்துச்சு?"

"விழுற வரைக்கும் உருட்டியிருக்காங்க சார்!"

ஒரு தடவைதான் உருட்டலாம் என்பது விதி. விதியை மீறிய வாசகர்களை ஆசிரியர் குமரேசன் கடுமையாகக் கண்டித்திருக்கிறார் — அடுத்த இதழில்!