காய்ந்த மரம் என்று நினைத்தேன்

ஒரு பச்சை மரத்தை வெட்டிச் சாய்த்துவிட்டு, பழியையும் அதன் மேலேயே போட்டுவிட்டு வந்தேன். இந்த வாரம் எழுத வேறு எதுவும் தோன்றவில்லை.

பேட்டரியில் ஓடும் செயின்-சா ஒன்று வாங்கியிருக்கிறேன். கள்ளக்குறிச்சியில் எங்கள் வீட்டில் இருப்பது ஒரு முருங்கை, ஒரு கொய்யா. இதற்கு எதற்கு மெஷின் என்று மனைவி கேட்டாள். நியாயமான கேள்விதான். ஒரே வாரத்தில் முருங்கையை மொட்டையடித்துவிட்டேன். அப்புறம்? கையில் மெஷின் இருக்கிறது... அறுக்க மரம் இல்லை.

அப்போதுதான் சின்னையன் போன் செய்தார். கல்வராயன் மலைக்காரர். சந்தைக்குத் தேனும் சாமையும் கொண்டுவருவார்; பல வருடப் பழக்கம். பட்டுப்போன மாமரம் ஒன்று வேரோடு சாய்ந்து, நிலத்துக்குப் போகும் வழியை அடைத்துக்கொண்டதாம். பேச்சுவாக்கில்தான் சொன்னார். நான் ஞாயிற்றுக்கிழமையே காரை எடுத்துவிட்டேன்.

அரை மணி நேரத்தில் மாமரம் துண்டு துண்டானது. சின்னையனும் அவர் மனைவி காளியம்மாவும் வியந்து பார்த்தார்கள். எனக்கோ தலைகால் புரியவில்லை. வேறு ஏதாவது உண்டா என்று நானே கேட்டேன். மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் ஒரு காய்ந்த மரம் இருக்கிறது, விறகுக்கு ஆகும் என்றார் காளியம்மா. இருவரும் மாடுகளை ஓட்டிக்கொண்டு நிலத்துக்குப் போனார்கள்.

கொட்டகைக்குப் பின்னால் இலையே இல்லாமல் ஒரு மரம் நின்றது. வேறு எதையும் பார்க்கவில்லை. மெஷினை அதில் வைத்தேன்.

பெட்ரோல் மெஷினாக இருந்தால் அதன் அலறலுக்கு அவர்கள் ஓடி வந்திருப்பார்கள். இது மிக்ஸி மாதிரி உறுமும், அவ்வளவுதான். நிலம் வரை கேட்கவில்லை.

பாதி அறுக்கும்போதே தெரிந்தது. தூள் பறக்கவில்லை, ஈரமாக விரலில் ஒட்டியது. நிறுத்தியிருக்கலாம். நிறுத்தினாலும் மரம் பிழைக்காது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு... முடித்தேன். அது விழுந்த பிறகுதான், நாலடி தள்ளி நிஜமாகவே பட்டுப்போன மரம் கண்ணில் பட்டது.

திரும்பி வந்த காளியம்மா அப்படியே நின்றுவிட்டார். அது கடுக்காய் மரம். மாசியில் இலையைக் கொட்டிவிட்டுத் துளிர்க்கக் காத்திருக்கும் மரம். வருடா வருடம் அவர் காய் பொறுக்கும் மரம்.

அவர் வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். “உள்ளே பூச்சி அரிச்சிருக்கும்மா. எப்படியும் விழுந்திருக்கும். மாடு மேல விழுந்தா வம்பு பாருங்க, அதான்.”

சின்னையன் குனிந்து, அறுத்த இடத்தைப் பார்த்தார். ஒரு ஓட்டைகூட இல்லை.

“செரிங்க சார். பூச்சியாத்தான் இருக்கும்” என்றார்.

மதியம் சாமைச் சோறு போட்டார்கள். சாப்பிட்டேன். கிளம்பும்போது ஒரு பாட்டில் தேன் கொடுத்தார்கள். அதையும் வாங்கிக்கொண்டேன்! மலையிறங்கும் வழியெல்லாம் மொட்டைக் கடுக்காய் மரங்கள் — எல்லாமா செத்துவிட்டன?

தேன் பாட்டிலை வீட்டில் யாரையும் திறக்க விடவில்லை. காரணமும் சொல்லவில்லை. கடைசியில் போன திங்கட்கிழமை மறுபடி மலையேறினேன். இருவரையும் உட்காரவைத்து, பூச்சி என்று சொன்னது பொய், பட்டுப்போன மரம் எதுவென்று சரியாகப் பார்க்காமல் அறுத்துவிட்டேன் என்றேன்.

“தெரியும் சார்” என்றார் சின்னையன். “ஒத்தாசைக்கு வந்தவரு. வூட்டுக்கு வந்த ஆள இன்னான்னு கேக்கறது?”

காளியம்மா சாமை புடைத்துக்கொண்டிருந்தார். முறத்தை நிறுத்தவில்லை, என்னை நிமிர்ந்தும் பார்க்கவில்லை.

“மரம் போனா போவுதுங்க. பச்ச எது, காஞ்சது எதுன்னு எங்களுக்கே தெரியாதுன்னு நெனச்சிக்கினீங்க பாருங்க... அதான் ஆறல.”

மன்னிப்புக் கேட்டேன். அவர் தலையசைத்தார் — மன்னித்தாரா, போகச் சொன்னாரா, இன்னும் தெரியவில்லை.

மரத்தைச் சாய்க்க இரண்டு நிமிடம் ஆனது; ‘தப்பு என்னுடையது’ என்று சொல்ல எட்டு நாள்!