வெள்ளிக்கிழமை பிரியாணி

ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் சபையில் பாஸ்டர் ஆவிக்குரிய வரங்களைப் பற்றிப் பிரசங்கம் செய்தார். குணமாக்கும் வரம், தீர்க்கதரிசன வரம், அந்நிய பாஷை என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு வந்தவர், ஆவிகளைப் பகுத்தறிகிற வரம் என்று ஒன்றைச் சொன்னதும் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். எது கர்த்தரால் வந்தது, எது புரட்டு என்று பார்த்த மாத்திரத்தில் கண்டுபிடித்துவிடுவார்களாம். பிறகு எல்லோரும் ஆளுக்கொரு வரம் கேட்டு ஜெபிக்கலாம் என்றார். மற்றப் பிள்ளைகள் கண்களை இறுக மூடிக்கொண்டு கேட்டார்கள். நான் கேட்கவில்லை. எனக்குத்தான் அது ஏற்கெனவே இருந்ததே. பால் பாக்கெட் போடுகிறவரிலிருந்து சண்டே ஸ்கூல் டீச்சர் வரை ஒருவரையும் நம்பாத பிள்ளை நான். அதுவரை வீட்டில் அதற்குச் சந்தேகப் புத்தி என்று பெயர். அன்றைக்கு அதற்கு மரியாதையான ஒரு பெயர் கிடைத்துவிட்டது.

அந்த வருஷம் என் வரத்துக்கு நிறைய வேலை இருந்தது. அண்ணன் காலேஜைப் பாதியில் விட்டுவிட்டான் என்று அப்பா அவனைக் கைநீட்டி அடித்துவிட்டார். அன்று சாயங்காலமே அவன் அம்பத்தூர் வீட்டை விட்டுப் போய்விட்டான். போனையும் அணைத்துவிட்டான். எங்கே இருக்கிறான், என்ன செய்கிறான், ஒன்றும் தெரியவில்லை. அம்மா அவன் போட்டோவைப் போனில் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்ப்பாள். வெள்ளிக்கிழமைதோறும் அவனுக்காக உபவாசம் இருக்கவும் ஆரம்பித்தாள்.

சித்தப்பாவும் சேர்ந்துகொண்டார். அவர் கால் டாக்சி ஓட்டினார். வெள்ளிக்கிழமை மட்டும் வண்டியை எடுக்காமல் எங்கள் வீட்டுக்கு ஜெபிக்க வந்துவிடுவார். அவர் உபவாசம் இருப்பது எங்கள் தெருவுக்கே தெரியும். யாராவது டீ நீட்டினால் நெஞ்சில் கைவைத்து, உள்ளே போன குரலில், “நம்ம இன்னிக்கு ஃபாஸ்டிங்கு” என்பார். இந்த ஆளிடம் ஏதோ தில்லுமுல்லு இருக்கிறது என்று பள்ளிக்கூடம் லீவு விட்ட ஒரு வெள்ளிக்கிழமை முழுக்க அவர் பின்னாலேயே சுற்றினேன். நிஜமாகவே பட்டினிதான் கிடந்தார். எனக்குப் பெரிய ஏமாற்றம்.

மிச்சமிருந்தவர் அப்பா. திருமழிசை தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் சூப்பர்வைசர். சபைக்கு வந்தால் செருப்பு கிடக்கும் இடத்துக்குப் பக்கத்தில் கடைசியாக உட்காருவார். ஜெபத்தில் வாயே திறக்கமாட்டார். அண்ணன் போனதிலிருந்து அவன் பெயரை அவர் ஒருமுறைகூடச் சொன்னதில்லை. வெள்ளிக்கிழமையும் கூசாமல் டிபன் பாக்ஸை வாங்கிக்கொண்டு போவார். தான் பட்டினியாக இருந்துகொண்டு அவருக்குச் சோறு கட்டுவாள் அம்மா. மூடியைப் போட்டு ஓங்கி அழுத்துவாள். அண்ணன் திரும்பி வருவது அப்பாவுக்கு இஷ்டமில்லை என்று என் வரம் எனக்கு அடித்துச் சொன்னது. எனக்கு அவர்மேல் அவ்வளவு கோபம்.

பள்ளிக்கூடம் லீவாக இருந்த இன்னொரு வெள்ளிக்கிழமை அப்பா மூக்குக்கண்ணாடியை மறந்துவிட்டுப் போனார். சித்தப்பா பைக்கில் என்னையும் ஏற்றிக்கொண்டு திருமழிசைக்குப் போனார். மதியச் சாப்பாட்டு நேரம். கம்பெனி கேட்டில் செக்யூரிட்டி தாத்தா உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவர் மடியில் இருந்தது எங்கள் வீட்டு டிபன் பாக்ஸ்.

“வெள்ளிக்கெயமன்னா சாரு சோறு எனுக்குத்தான் பாப்பா” என்றார் அவர் சந்தோஷமாக. “துன்னுட்டு நல்லா கழுவி வெச்சிடுவேன்.”

“அப்ப எங்கப்பா?”

“லன்ச்சு டைம்ல வெளிய பூடுவாரு. எங்கன்னு தெர்ல.”

ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் ஒரு பிரியாணிக் கடை. அண்டாவைத் திறந்து வைத்திருந்தார்கள். நான் சித்தப்பாவைப் பார்த்தேன், சித்தப்பா அண்டாவைப் பார்த்தார். காலையிலிருந்து வெறும் தண்ணீர் குடித்த மனிதர். அந்த வாசனை அவருக்கு இன்னும் கோபத்தைக் கிளப்பிவிட்டது. கண்ணாடியைத் தாத்தாவிடமே கொடுத்துவிட்டுத் திரும்பிவிட்டோம்.

சாயங்காலம் ஜெபம் முடிந்து, உபவாசம் முடிக்க அம்மா கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்தபோது அப்பா உள்ளே வந்தார்.

“அண்ணாத்தே, தப்பா நென்ச்சிக்காத” என்று ஆரம்பித்தார் சித்தப்பா. “நாங்க இங்க வயித்த காயப் போட்டுகினு புள்ளைக்காவ கெஞ்சிகினு கீறோம். நீ ஊட்டு சோத்த எவனுக்கோ குட்த்துட்டு கடைல குந்தி பிரியாணி துன்னுகினு கீற. அப்பால ஜெபம் எப்பிடி மேல போவும்?”

அம்மா கரண்டியை வைத்தாள். “மெய்யாலுமா?”

அப்பா அம்மாவைப் பார்த்தார், சித்தப்பாவைப் பார்த்தார். ஏதோ சொல்ல வந்து நிறுத்திக்கொண்டார். பிறகு, “ஆமா. பிரியாணிதான்” என்றார்.

நான் அதோடு விடவில்லை. “சிக்கனா, மட்டனா?”

அவர் கொஞ்சம் யோசித்து, “மட்டன்” என்றார். ஒருவரையும் நம்பாத நான் அந்த மட்டனை மட்டும் அப்படியே நம்பினேன்.

அம்மா அழுதாள். “எம்புள்ள துன்னானோ இல்லியோன்னு நான் கெடந்து சாவுறேன். உனுக்கு பிரியாணி கேக்குதா? இனிமே வெள்ளிக்கெயம சோறு கட்ட மாட்டேன், போ.”

“வேணாம்” என்றார் அப்பா. அதோடு விட்டாரா? எங்கள் கஞ்சியில் அவரும் பங்கு கேட்டு இரண்டு டம்ளர் குடித்தார். பிரியாணி தின்றும் அடங்காத ஆசை என்று நினைத்துக்கொண்டேன். அன்றைக்கு என் வரத்தை நினைத்து எனக்கு ஒரே பெருமை. அதற்குப் பிறகு வந்த வெள்ளிக்கிழமைகளில் அவர் கையை வீசிக்கொண்டுதான் வேலைக்குப் போனார்.

மழைக்காலம் முடிந்தபோது ஒரு நாள் காலையில் அண்ணன் தோளில் பையோடு வாசலில் வந்து நின்றான். ஓசூர்ப் பக்கம் ஏதோ கம்பெனியில் வேலை பார்த்தானாம். அம்மா அவனைக் கட்டிக்கொண்டு விடவேயில்லை. அப்பா, “சாப்டியா?” என்று மட்டும் கேட்டுவிட்டுக் குளியலறைக்குள் போனவர், வெளியே வர ரொம்ப நேரமாயிற்று. ஞாயிற்றுக்கிழமை சித்தப்பா சபையில் எழுந்து நின்று, தன் உபவாசத்துக்குக் கர்த்தர் பதில் கொடுத்தார் என்று சாட்சி சொன்னார். எல்லோரும் கை தட்டினார்கள். செருப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அப்பாவும் தட்டினார்.

அடுத்து வந்த வெள்ளிக்கிழமை காலையில் அப்பா அடுப்படிக்கு வந்து, “இன்னிக்கு எனுக்கு சோறு கட்டிக் குடு” என்று அம்மாவிடம் கேட்டார்.

பிரியாணி அலுத்துவிட்டது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.